எஞ்சின் யுகங்கள் – 14: காட்ஸில்லாவும் இரண்டு எஞ்சின்களும்

2,568 சிசி. எந்த எஞ்சின் வடிவமைப்பாளரும் விரும்பித் தேர்ந்தெடுக்கும் அளவு அல்ல இது. ஜப்பானில் காருக்கான ஆண்டு வரி எஞ்சின் கொள்ளளவை வைத்து, 500 சிசிக்கு ஒரு படியாக ஏறுகிறது. 2,500-ஐத் தாண்டிவிட்டால் அடுத்த படி 3,000 வரைக்கும் ஒரே வரிதான். அப்படியிருக்க, வெறும் 68 சிசி கூடுதலாக வைத்து, மூன்று லிட்டர் காருக்குரிய வரியை வாங்குபவர் தலையில் கட்ட எந்த நிறுவனத்துக்கு மனம் வரும்? 1989 ஆகஸ்டில் நிஸ்ஸான் அதைத்தான் செய்தது. காரணம் விற்பனைப் பிரிவிலும் இல்லை, வரி அலுவலகத்திலும் இல்லை. கார் பந்தய விதிப்புத்தகத்தில் இருந்தது.

முதல் தலைமுறை ஸ்கைலைன் ஜிடி-ஆரின் கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். பிரின்ஸ் நிறுவனத்தின் ஆர்380 பந்தயக் காரின் எஞ்சினிலிருந்து பிறந்த எஸ்20, 1969-ல் அறிமுகமான ‘ஹகோசுகா’, அது ஜப்பானியப் பந்தயக் களங்களில் குவித்த வெற்றிகள், பிறகு 1973-ல் 197 கார்களோடு அந்தப் பெயரே நின்றுபோனது எல்லாம் அதில் வந்தன. அதன் பிறகு 16 ஆண்டுகள் ஜிடி-ஆர் என்ற எழுத்துகளை நிஸ்ஸான் எந்தக் காரிலும் ஒட்டவில்லை. அந்த மௌனம் கலைந்த பிறகு வந்த இரண்டு எஞ்சின்கள்தாம் இந்த இதழின் விஷயம். ஒன்று 1989 முதல் 2002 வரை ஓடிய ஆர்பி26டிஇடிடி. மற்றொன்று 2007 முதல் 2025 வரை ஓடிய விஆர்38டிஇடிடி. இரண்டிலும் ஆறு சிலிண்டர், இரண்டிலும் 24 வால்வு, இரண்டிலும் இரட்டை டர்போ. காகிதத்தில் அண்ணன் தம்பி போலத் தெரியும் இந்த இரண்டையும் பிரித்துப் போட்டுப் பார்த்தால், ஒன்றின் ஒரு போல்ட்டுகூட மற்றதற்குத் தாய்வழியோ தந்தைவழியோ உறவில்லை என்பது புரியும்.

ஆர்பி26-இன் பின்னால் இருந்தவர் நாகனோரி இட்டோ. பிரின்ஸ் காலத்திலிருந்தே ஸ்கைலைனில் ஊறியவர். ஸ்கைலைனின் தந்தை என்று போற்றப்பட்ட ஷினிச்சிரோ சகுராய் உடல்நலம் குன்றியபோது, பாதியில் இருந்த ஆர்31 ஸ்கைலைன் பொறுப்பு இவரிடம் வந்தது. அந்தக் கார் வெளிவந்ததும் பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். கனமாக, சொகுசாக, சோம்பலாக இருக்கிறது என்றார்கள். அந்த விமர்சனம் இட்டோவைச் சுட்டது. அடுத்த தலைமுறையில், அதாவது ஆர்32-இல், பழைய பெயருக்குரிய காரைக் கட்டியே தீருவது என்று இறங்கினார்.

அவர் கண் வைத்த களம் குரூப் ஏ. சாலையில் விற்கும் காரையே அடிப்படையாகக் கொண்டு ஓட வேண்டிய பந்தயம் அது. 12 மாதங்களில் 5,000 கார்களைத் தயாரித்திருந்தால்தான் நுழைவே கிடைக்கும். மேம்படுத்திய வடிவம் வேண்டுமென்றால் கூடுதலாக 500 கார்கள். டர்போ வைத்த எஞ்சின் என்றால் அதன் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்கி, வருகிற எண்ணை வைத்து எந்தப் பிரிவில் ஓட வேண்டும் என்று முடிவு செய்வார்கள். பிரிவுதான் காரின் குறைந்தபட்ச எடையையும் டயரின் அகலத்தையும் தீர்மானிக்கும். ஆகவே எஞ்சின் அளவு என்பது பொறியாளரின் விருப்பம் அல்ல. ஒரு பெருக்கல் கணக்கின் விடை.

முதலில் போட்ட கணக்கு வேறு. சுமார் 2,350 சிசி எஞ்சின், 1.7-ஆல் பெருக்கினால் 3,995. 4,000 சிசி பிரிவுக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். பின்சக்கர இயக்கத்தோடு லேசான காராக ஓட்டிவிடலாம் என்பது திட்டம். ஆனால் 600 குதிரைத்திறனை நோக்கிப் போகும் பந்தய எஞ்சினின் பலத்தைப் பின்சக்கரங்கள் இரண்டு மட்டும் தரைக்குக் கடத்த முடியாது என்பது தெளிவானது. நான்கு சக்கரங்களுக்கும் தேவைக்கேற்பப் பலத்தைப் பகிர்ந்தளிக்கும் அட்டீஸா ஈ-டிஎஸ் என்ற அமைப்பு உள்ளே வந்தது. கூடவே எடையும் வந்தது. எடை கூடிய காரை 4,000 சிசி பிரிவில் ஓட்டுவதில் அர்த்தமில்லை. அடுத்த படியான 4,500-க்குப் போனால் அகலமான டயரும் கிடைக்கும், எஞ்சினையும் பெரிதாக்கலாம். 2,568-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 4,366. ஆர்பி26 இப்படித்தான் 2.6 லிட்டர் ஆனது.

அட்டீஸா எஞ்சினின் உடலையே மாற்றியது. முன்சக்கரங்களுக்கான டிஃபரென்ஷியல், எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பின் பக்கவாட்டில் பொருத்தப்பட்டது. அதிலிருந்து போகும் தண்டு சம்ப்பின் ஊடாகவே மறுபக்கச் சக்கரத்துக்குப் போகிறது. இன்றைக்கும் பின்சக்கர இயக்கமுள்ள ஒரு காரில் ஆர்பி26-ஐப் பொருத்த விரும்பும் மெக்கானிக் முதலில் கழற்றி எறிவது அந்த சம்ப்பைத்தான்.

மற்ற உறுப்புகளிலும் பந்தய வாசம்தான். 86 மி.மீ. போர், 73.7 மி.மீ. ஸ்ட்ரோக். பிஸ்டன் அகலமாக, அது ஏறி இறங்கும் தூரம் குறைவாக இருப்பதால் எஞ்சின் தயங்காமல் 8,000 சுற்றுவரை ஏறும். சாதாரணமாக ஒரு எஞ்சினுக்கு ஒரு த்ராட்டில் போதும். இதில் சிலிண்டருக்கு ஒன்றாக ஆறு. காற்று நுழையும் வாசல் ஒவ்வொரு சிலிண்டரின் அருகிலேயே இருப்பதால், ஓட்டுநரின் பாதம் அசைந்த கணமே எஞ்சின் பதில் சொல்லும். ஒரு பெரிய டர்போவுக்குப் பதில் மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு சிறிய டர்போக்கள்; அவற்றின் சுழலிகள் பீங்கானால் ஆனவை. எடை குறைவு என்பதால் சீக்கிரம் சுழலத் தொடங்கும். வெளியேற்று வால்வுகளுக்குள் வெப்பத்தைக் கடத்திவிட சோடியம் அடைக்கப்பட்டிருந்தது. சிலிண்டர் ஹெட் அலுமினியம். பிளாக் மட்டும் பழைய வார்ப்பிரும்பு.

அந்த வார்ப்பிரும்பு பிளாக் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆர்பி என்பது ஒரு குடும்பம். 2 லிட்டர், 2.5 லிட்டர், 3 லிட்டர் என்று சாதாரண செடான்களில் ஓடிய நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் அதில் உண்டு. இரும்பு கனமானதுதான். ஆனால் விலை குறைவு, வார்ப்பது எளிது, எல்லாவற்றுக்கும் மேலாக அழுத்தத்தைத் தாங்கும். பந்தயத்தில் 600 குதிரைத்திறனைத் தாங்க வேண்டும் என்று திட்டமிட்ட எஞ்சினை, சாலையில் 280-க்கு இறக்கி விற்றார்கள். பாதிக்கும் மேற்பட்ட பலம் உள்ளே சும்மா கிடந்தது.

ஏன் 280? இங்கேதான் இரண்டாவது விதிப்புத்தகம் வருகிறது. இது எழுதப்படாத புத்தகம். 1988-ல் ஜப்பானில் சாலை விபத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கை மீண்டும் 10,000-ஐத் தாண்டியது. அரசின் பார்வை கார் நிறுவனங்கள்மீது திரும்பியது. 1989-ல் நிஸ்ஸானின் ஃபேர்லேடி இஸட் 280 குதிரைத்திறனோடு வந்தபோது, அதற்கு மேல் யாரும் போவதில்லை என்ற புரிந்துணர்வு நிறுவனங்களுக்குள் உருவானது. அதற்குப் பிறகு 15 ஆண்டுகள், 2004-ல் ஹோண்டா லெஜண்ட் 300-ஐ அறிவிக்கும் வரை, ஜப்பானில் விற்ற எந்த வழக்கமான ஜப்பானியக் காரின் விளம்பரத்திலும் 280-க்கு மேல் எண் இல்லை.

விளம்பரத்தில்தான் இல்லை. ஆர்34 வரை மூன்று தலைமுறைக்கும் ஆர்பி26-இன் அறிவிக்கப்பட்ட பலம் அதே 280. ஆனால் முறுக்குவிசை மட்டும் 353 நியூட்டன் மீட்டரில் தொடங்கி 368, பிறகு 392 என்று ஏறிக்கொண்டே போனது. பலத்துக்குப் பூட்டு போட்டவர்கள் முறுக்குவிசைக்குப் போட மறந்துவிட்டார்கள். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் குழாய்க்குள் ஒரு சிறிய பித்தளைத் துண்டு அடைக்கப்பட்டிருந்தது. அதில் உள்ள நுண்ணிய துளைதான் அழுத்தம் ஓரளவுக்கு மேல் ஏறாமல் தடுத்தது. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் உடனே வேறு எஞ்சின் ஆகிவிடும். டோக்கியோ முதல் சிட்னிவரை ஆர்32 வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்த வேலை அதுதான் என்றால் மிகையில்லை. ஒரு பொறியாளர் இவ்வளவு எளிதில் அகற்றக்கூடிய தடையை வைக்கிறார் என்றால், திறக்கப்போகிற கைகளை அவர் அறிந்தே வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது.

1990-ல் ஜப்பானிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் ஆர்32 இறங்கியது. நீல நிறக் கால்சோனிக் காரில் கசுயோஷி ஹோஷினோவும் தோஷியோ சுசுகியும். அதுவரை களத்தை ஆண்டுகொண்டிருந்த ஃபோர்டு சியரா ஆர்எஸ்500 ஒரே நாளில் பழங்கதை ஆனது. 1993-ல் அந்த சாம்பியன்ஷிப்பே முடியும்வரை நடந்த 29 பந்தயங்களில் 29-ஐயும் ஜிடி-ஆர் வென்றது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆஸ்திரேலியர்களின் எதிர்வினைதான் இந்தக் காருக்குப் பெயர் கொடுத்தது. 1989-லேயே ‘வீல்ஸ்’ இதழ் இதை காட்ஸில்லா என்று அழைத்துவிட்டது. ஜப்பானிலிருந்து கிளம்பி வரும் அழிவு மிருகம்! பெயர் பலித்தது. 1991-ல் பாதர்ஸ்ட் 1000 பந்தயத்தில் ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் ஜோடி வென்றது. ஹோல்டன், ஃபோர்டு வி8 கார்களைக் குலதெய்வமாகக் கொண்டாடிய ரசிகர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1992-ல் ஜிடி-ஆருக்கு மட்டும் கூடுதல் எடை ஏற்றினார்கள். டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வையும் மாட்டச் சொன்னார்கள். அப்படியும் அதே ஜோடி மீண்டும் வென்றது. கொட்டிய மழையில் கார்கள் வரிசையாக வழுக்கி மோத, பந்தயம் நிறுத்தப்பட்டது. மோதி நொறுங்கிய ஜிடி-ஆரே, முந்தைய சுற்றுக் கணக்கின்படி வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டது. கூட்டம் கூச்சலிட்டது. அதே பந்தயத்தில் பிஎம்டபிள்யூ ஓட்டிக்கொண்டிருந்த முன்னாள் உலக சாம்பியன் டென்னி ஹல்ம் மாரடைப்பால் இறந்திருந்தார். அவருடைய நண்பரான ரிச்சர்ட்ஸுக்கு மேடை ஏறுவதற்குச் சற்று முன்புதான் அது தெரியவந்தது. கூச்சலிட்டவர்களைப் பார்த்து அவர் மைக்கில் சொன்ன கடுஞ்சொல் ஆஸ்திரேலியப் பந்தய வரலாற்றில் நிலைத்துவிட்டது. 1993 முதல் அங்கே முதல்நிலைப் பந்தயம் ஐந்து லிட்டர் வி8 கார்களுக்கானதாக மாற்றப்பட்டது. ஜிடி-ஆருக்கு இடமில்லை.

குறைகளே இல்லாத எஞ்சினா ஆர்பி26? அப்படிச் சொல்வது அதற்குச் செய்யும் நியாயம் ஆகாது. ஆரம்பகால எஞ்சின்களில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் முனை குறுகலாக இருந்தது. உயர் சுற்றில் தொடர்ந்து ஓட்டினால் பம்ப் உடையும். பின்னால் அந்த முனையை அகலமாக்கினார்கள். பீங்கான் சுழலிகள் தொழிற்சாலை அழுத்தத்தில் நன்றாக உழைக்கும். பித்தளைத் துண்டை எடுத்துவிட்டு மேலும் மேலும் ஏற்றினால் சிதறிவிடும். அதனால்தான் 1990-ல் குரூப் ஏ அனுமதிக்காகச் செய்த, நிஸ்ஸானின் பந்தயப் பிரிவான நிஸ்மோவின் பதிப்பில் உலோகச் சுழலிகள் வைத்தார்கள். 4,000 சுற்றுக்குக் கீழே எஞ்சின் சாதுவாக இருக்கும். உச்ச முறுக்குவிசை கிடைப்பது 4,400-இல். அதற்குப் பிறகு எழும் வேகத்துக்காகத்தான் மக்கள் அதைக் காதலித்தார்கள் என்றாலும், நகரச் சிக்னல்களில் அது சோர்வான துணைதான்.

2002 ஆகஸ்டில் ஆர்34 நின்றது. புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளை ஆர்பி26-ஆல் தாண்ட முடியவில்லை. அந்த ஒரு மாதத்தில் சுப்ரா, ஆர்எக்ஸ்-7, சில்வியா ஆகியவையும் விடைபெற்றன. ஒரு தலைமுறையே ஒரே கோடையில் முடிந்தது.

நிஸ்ஸானும் அப்போது பழைய நிஸ்ஸான் இல்லை. சுமார் 2 லட்சம் கோடி யென் கடனில் தத்தளித்த நிறுவனத்தில் 1999 மார்ச்சில் ரெனோ 36.8 சதவீதப் பங்குகளை வாங்கியது. கார்லோஸ் கோன் வந்தார். ஆலைகளை மூடினார், செலவுகளை வெட்டினார். அந்த மனிதர்தான் ஜிடி-ஆர் மீண்டும் வேண்டும் என்றும் ஒப்புதல் கொடுத்தார். பொறுப்பு கசுதோஷி மிசுனோவிடம் போனது. நிஸ்ஸானின் குரூப் சி பந்தய அணியை நடத்தியவர். 1992-ல் டேடோனா 24 மணிப் பந்தயத்தில் வென்ற அணி அது.

மிசுனோ பந்தயக்காரர். ஆனால் அவர் உருவாக்கிய எஞ்சின் எந்தப் பந்தயப் பிரிவுக்காகவும் உருவானதல்ல. குரூப் ஏ மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெருக்கல் கணக்கு எதுவும் இல்லை. 280 ஒப்பந்தமும் 2004-ல் காலாவதி ஆகிவிட்டது. அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் ஓடும் ஸ்டாப்வாட்ச். அதோடு ஒரு நிபந்தனை: யார் ஓட்டினாலும், எங்கே ஓட்டினாலும், எந்த வானிலையிலும் அந்த வேகம் கிடைக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனைதான் விஆர்38-இன் ஒவ்வொரு பாகத்தையும் தீர்மானித்தது.

நேர்வரிசை ஆறு போனது. அந்த அமைப்பில் பிஸ்டன்கள் ஒன்றன் அசைவை மற்றொன்று சமன் செய்துகொள்வதால் இயல்பாகவே அதிர்வு இருக்காது. ஆர்பி26-இன் பட்டுப் போன்ற சுழற்சிக்கும் அந்தத் தனித்த குரலுக்கும் அதுவே காரணம். ஆனால் அது நீளமானது. முன்பகுதியில் இடம் அதிகம் கேட்கும். எடையை முன் அச்சுக்கு மேலேயே தள்ளும். மோதலின்போது நசுங்க வேண்டிய இடத்தில் திடமான இரும்பாக நிற்கும். 60 பாகை வி6 குட்டையானது. அதைப் பின்னுக்குத் தள்ளி முன் அச்சுக்குப் பின்னால் அமர வைக்கலாம். கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் எஞ்சினிலிருந்து பிரித்து, பின்சக்கரங்களுக்கிடையே கொண்டுபோனார் மிசுனோ. எஞ்சினிலிருந்து பின்னுக்கு ஒரு தண்டு, அங்கிருந்து முன்சக்கரங்களுக்குத் திரும்பி வர இன்னொரு தண்டு. எடை நான்கு சக்கரங்களிலும் பரவியது.

இரும்பு பிளாக்கும் போனது. விஆர்38-இன் பிளாக் அலுமினியம். அலுமினியச் சுவரில் பிஸ்டன் வளையங்கள் உரசினால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் வழக்கமாக உள்ளே இரும்பு உறை செருகுவார்கள். நிஸ்ஸான் உறையையும் தவிர்த்தது. இரும்புக் கம்பியைப் பிளாஸ்மா வெப்பத்தில் உருக்கி, சிலிண்டர் சுவரில் நேரடியாகத் தெளித்து, சுமார் 0.15 மி.மீ. தடிமனுள்ள படலமாகப் படியவைத்தார்கள். எடை குறைந்தது, உராய்வு குறைந்தது, வெப்பம் சுவரைத் தாண்டிக் குளிர்நீருக்கு வேகமாகப் போனது. ஆர்பி26 அழுத்தத்தைத் தடிமனால் தாங்கியது. விஆர்38 வெப்பத்தை விரட்டுவதால் தாங்குகிறது. இந்த நுட்பத்தை இந்தத் தொடரில் இதுவரை பார்த்த எந்த வார்ப்பு முறையைவிடவும் மேலாகச் சொல்லலாம்.

95.5 மி.மீ. போர், 88.4 மி.மீ. ஸ்ட்ரோக், 3,799 சிசி. 2007 டிசம்பரில் விற்பனைக்கு வந்தபோது 6,400 சுற்றில் 480 குதிரைத்திறன். அதைவிட முக்கியமான எண், 3,200 முதல் 5,200 சுற்றுவரை மாறாமல் நிற்கும் 588 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. ஆர்பி26-இல் அது ஒரு சிகரம். இதில் அது ஒரு பீடபூமி. எந்த கியரில் இருந்தாலும், எந்த வளைவிலிருந்து வெளியே வந்தாலும், ஓட்டுநர் சரியான சுற்றைத் தேடிப்பிடிக்க வேண்டிய தேவையே இல்லை.

எண்களை ஒப்பிட்டால் ஒரு விந்தை கிடைக்கிறது. ஆர்பி26 8,000 சுற்றுவரை கூவும். விஆர்38 7,000-இல் நின்றுவிடும். ஆகவே பழையதுதான் பதற்றமான எஞ்சின் என்று காது சொல்லும். ஸ்ட்ரோக்கைச் சேர்த்துக் கணக்கிட்டால், அந்த உச்சங்களில் ஆர்பி26 பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 19.7 மீட்டர், விஆர்38-இல் சுமார் 20.6 மீட்டர். அமைதியாகத் தோன்றும் புதிய எஞ்சினின் உள்ளேதான் வேலை கடுமை. ஆர்பி26 லிட்டருக்கு 109 குதிரைத்திறன் தந்த இடத்தில், 2007-இன் விஆர்38 126 தந்தது. 2011 மாடலில் 530, பிறகு 550, 2017 மாடலில் 570 என்று அது ஏறியபோது லிட்டருக்கு 150 ஆனது. 2014-இன் நிஸ்மோ பதிப்பில் 600 குதிரைத்திறன்.

டர்போவிலும் வேறுபாடு அடிப்படையானது. ஆர்பி26-இல் டர்போ என்பது வெளியேற்றுக் குழாயில் போல்ட் போட்டு மாட்டிய தனிப் பொருள். நான்கு நட்டைக் கழற்றி, பெரியதாக ஒன்றை மாட்டலாம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான பட்டறைகள் அந்த நட்டுகளால் பிழைத்தன. விஆர்38-இல் ஐஎச்ஐ நிறுவனத்தின் டர்போவும் வெளியேற்றுக் குழாயும் ஒரே வார்ப்பு. சிலிண்டருக்கு மிக அருகில் அமர்ந்திருப்பதால் சுழலி உடனே எழும்; புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்ட்டும் சீக்கிரம் சூடாகும். ஆர்பி26-ஐக் கொன்ற புகை விதியை விஆர்38 இப்படித்தான் வென்றது. ஆனால் டர்போவை மாற்ற விரும்புகிறவர் குழாயையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

ஆறு த்ராட்டில்கள் இரண்டாகக் குறைந்தன. அவையும் மின்னணுக் கட்டுப்பாட்டில். டைமிங் பெல்ட் போய்ச் செயின் வந்தது. வளைவுகளில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடாமல் உறிஞ்சி இழுக்க பம்ப் வந்தது. பழைய எஞ்சினில் சொந்தக்காரர் பணம் கொடுத்துப் பின்னால் சேர்த்துக்கொண்ட பலவற்றை, புதியதில் தொழிற்சாலையே சேர்த்துக் கொடுத்தது.

கையால் கட்டுவதும் அப்படித்தான். யோகோஹாமா ஆலையில் தூசி புகாத, வெப்பநிலை மாறாத அறையில், ஒரு எஞ்சினை முதல் போல்ட்டிலிருந்து கடைசி போல்ட்வரை ஒரே கைவினைஞர் கட்டினார். ‘தகுமி’ என்ற பட்டம் பெற்ற அந்தக் கைவினைஞர்கள் 18 ஆண்டுகளில் மொத்தம் ஒன்பது பேர். பின்னாளில் கட்டியவரின் பெயர் பொறித்த தகடு எஞ்சின்மேல் ஏறியது. ஒரு பெருநிறுவனம் தன் தொழிலாளியின் பெயரை வாங்குபவரின் கண்ணெதிரே வைப்பது அரிது. அந்த மரியாதை முழுக்கத் தகும்.

சாலையில் கிடைத்த விளைவு என்ன? ஆர்32-இன் எடை 1,430 கிலோ. ஒரு குதிரைத்திறன் சுமந்தது சுமார் 5.1 கிலோ. விஆர்38 பொருத்திய ஆர்35 1,740 கிலோ. ஆனாலும் ஒரு குதிரைத்திறனுக்கு 3.6 கிலோதான். 2007-ல் தோஷியோ சுசுகி, 1990-ல் கால்சோனிக் காரை ஓட்டிய அதே மனிதர், நூர்பர்க்ரிங்கை 7 நிமிடம் 38 விநாடிகளில் சுற்றினார். அடுத்த ஆண்டு 7:29. 2013-ல் மைக்கேல் க்ரும் நிஸ்மோ பதிப்பில் 7:08. 1990-களில் ஆர்33 எட்டு நிமிடத்துக்குக் கீழே வந்ததற்கே நிஸ்ஸான் விழா எடுத்தது. 1989-ல் 44.5 லட்சம் யென்னாக இருந்த விலை 2007-ல் 77.7 லட்சம் ஆகியிருந்தது. அதே வேகத்தில் ஓடும் போர்ஷே டர்போவின் விலையோடு ஒப்பிட்டவர்கள் அதையும் மலிவு என்றார்கள்.

இழப்பும் இருந்தது. விஆர்38-இன் மூளையைத் தொழிற்சாலை பூட்டியே கொடுத்தது. ஜப்பானில் கார் தானே ஜிபிஎஸ்ஸில் பார்த்து, பந்தயப் பாதைக்குள் நுழைந்தால்தான் 180 கி.மீ. வேகத்தடையை நீக்க அனுமதிக்கும். நின்ற இடத்திலிருந்து பாயும் வசதியைப் பயன்படுத்தி கியர்பாக்ஸ் உடைந்தபோது, உத்தரவாதம் பற்றி அமெரிக்காவில் பெரும் வாக்குவாதம் எழுந்தது. நிஸ்ஸான் பிறகு அந்த மென்பொருளை மாற்றியது. வார இறுதியில் நண்பர்களோடு கூடிப் பிரித்துக் கோக்கும் எஞ்சின் அல்ல இது. பட்டறைகள் மெல்ல அதன் பூட்டுகளைத் திறந்தன. 1,000 குதிரைத்திறனைத் தாண்டினார்கள். ஆனால் அங்கேயும் முதலில் வளைவது கனெக்டிங் ராட். பழைய இரும்பு எஞ்சினைப் போலப் பெரிய சேமிப்பு உள்ளே ஒளிந்திருக்கவில்லை. தொழிற்சாலை ஏற்கெனவே அதைச் செலவழித்துவிட்டது. எது மேல் என்று கேட்டால், காராக விஆர்38. எஞ்சினாக, மனிதர்களின் கைக்குக் கொடுத்த சுதந்திரத்துக்காக ஆர்பி26. அதில் இந்தத் தொடருக்குத் தயக்கம் இல்லை.

பந்தயக் களத்தில் விஆர்38-இன் பயணம் தலைகீழானது. சாலைக்கென்றே செய்த எஞ்சின் என்பதால் 2008-ல் ஜப்பானின் ஜிடி500 பிரிவில் ஆர்35 வென்றபோது உள்ளே இருந்தது வேறொரு வி8. 2011-ல் எஃப்ஐஏ ஜிடி1 உலகப் பட்டத்தை க்ரும்மும் லூகாஸ் லூரும் வென்றபோதும் வி8தான். ஜிடி3 பிரிவில்தான் விஆர்38 தன் சொந்தக் காரில் ஓடியது. 2015-ல் பாதர்ஸ்ட் 12 மணிப் பந்தயத்தில் கட்சுமாசா சியோ, வொல்ஃப்காங் ரீப், ஃப்ளோரியன் ஸ்ட்ராஸ் மூவரும் வென்றார்கள். 23 ஆண்டுகளுக்கு முன் கூட்டம் கூச்சலிட்ட அதே களம்.

ஆர்35-ஐயும் விதிகளே முடித்தன. பக்கவாட்டு மோதல் விதியால் 2021-ல் ஆஸ்திரேலியாவில் நின்றது. ஒலி விதியால் 2022-ல் ஐரோப்பாவில் நின்றது. ஜப்பானில் கடுமையான ஒலி அளவைத் தாண்ட 2024 மாடலுக்கு வெளியேற்றுக் குழாயையே புதிதாக வடிவமைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 26 அன்று தொச்சிகி ஆலையிலிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. மொத்தம் சுமார் 48,000 கார்கள்.

பழைய எஞ்சினுக்கோ இன்னும் வேலை இருக்கிறது. 25 ஆண்டு கடந்த கார்களை மட்டுமே தடையின்றி இறக்குமதி செய்ய விடும் அமெரிக்க விதிப்படி, ஆர்32-க்கு 2014-லும் ஆர்34-க்கு 2024-லும் அந்தக் கதவு திறந்தது. விலை அவற்றின் புது விலையைப் பல மடங்கு தாண்டியது. 2017 முதல் நிஸ்மோ நிறுவனம் ஜிடி-ஆர் உரிமையாளர்களுக்காக நின்றுபோன உதிரிபாகங்களை மறுபடி தயாரிக்கிறது. ஆர்பி26-இன் வார்ப்பிரும்பு பிளாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

குரூப் ஏ விதிப்புத்தகத்தை இன்னொரு விதமாகப் படித்தவர்களும் உண்டு. டர்போவே வேண்டாம், ஆறு சிலிண்டரும் வேண்டாம், நான்கே போதும் என்று முடிவெடுத்த பிஎம்டபிள்யூவின் பால் ரோஷெயும், அவருடைய 2.3 லிட்டர் எஸ்14 எஞ்சினும் அடுத்த இதழில்.